வேட்டைநாயின் கழுத்தில் எதைக் கட்டுவது: பீப் ரேடியோவா, ஜிபிஎஸ்ஸா, சிம் கார்டா?

மோப்பம் பிடித்த நாய்க்கு வேலியும் தெரியாது, சாலையும் தெரியாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், ரக்கூன் என்ற மரமேறும் சிறு விலங்கின் வாடையைத் தொடர்ந்து இரவில் ஓடும் ட்ரீயிங் வாக்கர் என்ற ஹவுண்ட் (மோப்பம் பிடித்துத் துரத்தும் நாய்) அரைமணி நேரத்தில் இரண்டு மேடு தாண்டிவிடும். ஸ்வீடன், பின்லாந்து காடுகளில் மூஸ் என்ற பெரிய மானை மடக்கி நிறுத்திக் குரைக்கும் நாய், உரிமையாளரிடமிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம். காதுக்குக் குரைப்பு எட்டாதபோது கழுத்துப்பட்டை மட்டுமே மிச்சம். நாயைத் தேடிக் கண்டுபிடிப்பது வேட்டையின் வசதிக்காக மட்டுமல்ல. நெடுஞ்சாலை, ரயில்பாதை, மெல்லிய ஐஸ் மூடிய ஏரி, ஓநாய் என நாயின் உயிரை எடுக்கக்கூடியவை பல.

கடையில் மூன்று வகை கிடைக்கிறது. விஎச்எஃப் என்ற ரேடியோ அலையில் 'பீப்' ஒலி அனுப்பித் திசையை மட்டும் சொல்லும் விஎச்எஃப் பீப் பட்டை, ஜிபிஎஸ் இடத்தை ரேடியோவில் அனுப்பும் பட்டை, அதே இடத்தை மொபைல் டவர் வழியாக அனுப்பும் சிம் பட்டை. எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட தூரத்தையே ஒப்பிடுகிறார்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்.

## எதை வைத்து எடைபோடுவது

உண்மையில் எட்டும் தூரம். அமெரிக்காவில் விற்கும் ஜிபிஎஸ் ரேடியோ பட்டைகள் பலவற்றில் 9 மைல், அதாவது சுமார் 14.5 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். ரேடியோ அலை பூமியின் வளைவைத் தாண்டி எவ்வளவு தூரம் நேராகப் போகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். நாயின் கழுத்து அரை மீட்டர், உங்கள் கை ஒன்றரை மீட்டர் என்றால் விடை சுமார் 8 கிலோமீட்டர். அதுவும் மரமோ மேடோ இல்லாத வெட்டவெளியில். அதே கையோடு நூறு மீட்டர் உயரமான முகட்டில் ஏறினால் அடிவானம் 40 கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. அப்போது தடையாக இருப்பது அலையின் பலமும் இலையும் மட்டுமே. பெட்டியில் உள்ள 9 மைல் அந்த முகட்டில் நிற்பவருக்கான எண். பள்ளத்தாக்கின் அடியில், ஈரமான இலைக்காட்டில், ஒரு மைல் கிடைத்தாலே கொடுத்துவைத்தவர்.

கைவிடும் விதம். எல்லாப் பட்டையும் ஒரு நாள் கைவிடும். கைவிட்ட பிறகு உங்களிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் நம்பகத்தன்மையின் அளவுகோல். திசையாவது மிஞ்சுமா, கடைசியாக இருந்த இடமா, வெறும் திரையா?

பேட்டரி. நாய் இரண்டாம் இரவும் வரவில்லை என்றால் பட்டை இன்னும் பேசுமா?

ஒவ்வொரு கூடுதல் நாய்க்கும் ஆகும் செலவு. கைக்கருவி ஒரு தடவைச் செலவு. ஆறு நாய் வைத்திருப்பவருக்குப் பட்டைகளின் விலைதான் மலை.

சட்டம். அமெரிக்காவில் ஜிபிஎஸ் ரேடியோ பட்டைகள் பயன்படுத்தும் மர்ஸ் எனப்படும் 151, 154 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் ஐந்துக்கும் உரிமம் வேண்டாம்; சக்தி 2 வாட்டைத் தாண்டக் கூடாது. ஸ்வீடனின் வேட்டை ரேடியோ 155 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்கப் பட்டையை மலிவாகக் கிடைக்கிறதென்று ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனால் வேறு யாருடைய அலைவரிசையிலோ பேசிக்கொண்டிருப்பீர்கள், அது குற்றம். மின்னதிர்ச்சி கொடுக்கும் வசதி சேர்ந்த பட்டைகளை நாயின் மேல் பயன்படுத்த வேல்ஸில் 2010 முதல் தடை. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் அனுமதி இல்லை. அங்கெல்லாம் இடம் காட்ட மட்டுமே செய்யும் மாடலை வாங்க வேண்டும்.

| | விஎச்எஃப் பீப் | ஜிபிஎஸ் + ரேடியோ | ஜிபிஎஸ் + சிம் |
|---|---|---|---|
| தருவது | திசை மட்டும் | வரைபடத்தில் இடம், வேகம், தடம் | வரைபடத்தில் இடம் |
| பேட்டரி | வாரக்கணக்கு முதல் மாதக்கணக்கு | 20–40 மணி நேரம் | ஓரிரு நாள், அமைப்பைப் பொறுத்து |
| டவர் தேவையா | இல்லை | இல்லை | கட்டாயம் |
| மாதக் கட்டணம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| கைவிடும்போது மிஞ்சுவது | மங்கலான பீப் | கடைசியாகத் தெரிந்த இடம் | கடைசியாக டவர் கிடைத்த இடம் |
| கற்க எடுக்கும் காலம் | ஒரு பருவம் | ஒரு வாரம் | ஒரு மாலை |

## விஎச்எஃப் பீப் பட்டை

அமெரிக்காவில் இவை பெரும்பாலும் 216 முதல் 220 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. பட்டைக்குள் இருப்பது நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும் சிறு டிரான்ஸ்மிட்டர், அவ்வளவே. இடத்தைக் கணக்கிடுவது நீங்கள்தான், நீட்டிய திசையிலிருந்து வருவதையே பலமாகக் கேட்கும், மடக்கக்கூடிய யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

பழகாதவர்கள் செய்யும் முதல் பிழை, ஒலி அதிகமாகக் கேட்கும் திசையில் உடனே நடந்துவிடுவது. ஒலி உச்சம் அகலமானது. அதன் நடு எங்கே என்று காது சரியாகச் சொல்லாது. ஆன்டெனாவைச் சுழற்றி, இடப்பக்கம் பீப் மங்கும் இடத்தையும் வலப்பக்கம் மங்கும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவைத் திசையாக எடுங்கள். பிறகு அந்தத் திசைக்குக் குறுக்காக அரை கிலோமீட்டராவது வாகனத்தில் நகர்ந்து இரண்டாம் திசையை எடுத்து, இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போடுங்கள். கோடுகள் செங்கோணத்தை நெருங்கி வெட்டினால் நம்பலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே போக்கில் ஓடினால் வெட்டும் புள்ளி வெறும் ஊகம்.

இரண்டாம் பிழை எதிரொலி. குறுகிய பள்ளத்தாக்கில் அலை எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும். நாய் இடப்பக்கச் சரிவில் இருக்க, ஆன்டெனா வலப்பக்கத்தைக் காட்டும். முகட்டில் ஏறி மறுபடி எடுப்பது தவிர இதற்கு மருந்து இல்லை. நாயின் அருகே வந்துவிட்டால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒலி கேட்கும். ரிசீவரின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, முழுக்கக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் அலைவரிசையைச் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள், இல்லை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள். உடம்பே தடுப்பாகி, பீப் மங்கும்போது நாய் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்.

பழுது குறைவு, ஆனால் உண்டு. பல மாடல்களில் பட்டையின் மேல் காந்தம் ஒட்டியிருக்கும்வரை அது அணைந்திருக்கும். காந்தம் பெட்டிக்குள் நழுவி விழுந்தால் பருவம் தொடங்கும்போது பேட்டரி காலி. காந்தத்தை எடுக்க மறந்தால் ஊமைப் பட்டையோடு நாய் ஓடிவிடும். கடுங்குளிரில், அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் சற்றே விலகுவதால் அலைவரிசை ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். பீப் இல்லையே என்று பதறும் முன் அக்கம்பக்கம் திருப்பிப் பாருங்கள். சில பட்டைகளில் நாய் தலையை மேலே தூக்கினால் துடிப்பு வேகமாகும் சுவிட்ச் உண்டு. மரத்தடியில் நின்று மேல்நோக்கிக் குரைக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பழைய தந்திரம் அது.

மூன்று நாள் காணாமல் போன நாயைக் கண்டுபிடிக்க இதற்கு இணை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நிமிடமும் நாய் எங்கே என்று தெரிய வேண்டும் என்றால் இது உதவாது. நெடுஞ்சாலையை நோக்கி ஓடுகிறதா என்பதை பீப் சொல்லாது.

## ஜிபிஎஸ் ரேடியோ பட்டை

கார்மின் நிறுவனம் முதலில் ஆஸ்ட்ரோ 220-ஐ வெளியிட்டது. 2012-இல் வந்த ஆல்ஃபா, இடம் காட்டுவதையும் மின்னதிர்ச்சிப் பயிற்சிப் பட்டையையும் ஒரே கருவியில் சேர்த்தது. டாக்ட்ராவின் பாத்ஃபைண்டர் போன்றவை தனித் திரைக்குப் பதில் உங்கள் மொபைல் திரையைப் பயன்படுத்துகின்றன. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றே: பட்டை வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது, பிறகு அந்த எண்களை ரேடியோவில் உங்களுக்கு அனுப்புகிறது.

இரண்டு கண்ணிகள் என்பதால் பழுதும் இரண்டு வகை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் நல்ல கருவியைக் குறை சொல்கிறார்கள். பட்டை பேசுகிறது, ஆனால் இடம் தெரியவில்லை என்று திரை காட்டினால், கோளாறு வானத்துப் பக்கம். பட்டை திரும்பி ஜிபிஎஸ் ஆன்டெனா தொண்டைக்குக் கீழே போயிருக்கும், நாய் பாறை இடுக்கிலோ வளையிலோ இருக்கும், அல்லது உலோகக் கூண்டு வைத்த வண்டியில் யாரோ ஏற்றியிருப்பார்கள். திரையில் கேள்விக்குறியோ பழைய நேரமோ நிற்கிறதென்றால் கோளாறு ரேடியோப் பக்கம்: மேடு மறைக்கிறது, ஆன்டெனா ஒடிந்திருக்கிறது, அல்லது பேட்டரி போய்விட்டது. திரையில் நாய்ப்படம் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது எத்தனை நிமிடத்துக்கு முந்தைய இடம் என்பதைப் பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

ரேடியோ அறுந்தால் வரிசை இது. கடைசி இடத்துக்கு ஓடாதீர்கள், உயரத்துக்குப் போங்கள். கைக்கருவியைத் தலைக்கு மேல், ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். இடுப்பில் படுக்கை வாக்கில் தொங்கினால் அலையின் போக்கோடு ஒத்துப்போகாமலும் உடம்பு உறிஞ்சியும் பலம் பெரிதும் வீணாகும். பட்டை எத்தனை நொடிக்கொரு முறை அனுப்புகிறதோ அதைப் போல் மூன்று மடங்கு நேரம் அசையாமல் காத்திருங்கள். கார்மின் பட்டைகளில் மீட்பு முறை இயக்கத்தில் இருந்தால், பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் தானே இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மாறிவிடும். அப்போது ஒவ்வொரு முகட்டிலும் ஆறு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த முகட்டுக்குப் பறப்பவர் இரண்டு இடத்திலும் பட்டையின் செய்தியைத் தவறவிடுவார். இதெல்லாம் ஆன பிறகே கடைசி இடத்துக்குப் போய்க் காது கொடுக்க வேண்டும்.

அதிகம் பழுதாகும் பாகம் ஆன்டெனாதான். 151.8 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 49 சென்டிமீட்டர். நாயின் கழுத்தில் நிற்கும் அந்த நீள வால் அழகுக்கு இல்லை. குட்டையான ஆன்டெனாவை மாற்றினால் புதரில் சிக்காது, தூரம் குறையும். கூண்டில் சேர்த்துப் பூட்டிய நாய்கள் ஒன்றின் ஆன்டெனாவை மற்றொன்று கடிக்கும். மேலுறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி அடிப்பாகத்தில் ஒடிந்திருப்பதுதான் கண்டுபிடிக்கக் கடினம்: நூறு மீட்டர் வரை எல்லாம் சரியாக இருக்கும், அதற்கு மேல் மாயமாகும். எனவே வீட்டு முற்றத்துச் சோதனை சோதனையே இல்லை. பட்டையை ஒரு வேலிக்கம்பத்தில் நாயின் உயரத்தில் கட்டிவிட்டு வண்டியில் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். எல்லாப் பட்டையையும் ஒரே கம்பத்தில் கட்டினால் மற்றவற்றைவிட முன்பே மறைவது எது என்று உடனே தெரியும். மாற்று ஆன்டெனா ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பேட்டரிக் கணக்கு இடைவெளியைப் பொறுத்தது. இரண்டரை நொடிக்கொரு முறை அனுப்பினால் ஒரு நீண்ட நாள் தாங்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் அதைவிட வெகு நேரம். பறவை வேட்டைக்கு வேகமான இடைவெளி வேண்டும், ஏனென்றால் பறவையைக் கண்டதும் அசையாமல் நிற்கும் பாயின்டர் வகை நாய் நின்றுவிட்டதை உடனே அறிய வேண்டும். இரவு முழுக்க ஓடும் ஹவுண்டுக்குப் பத்து நொடி போதும். லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் கணிசமான கொள்ளளவை இழக்கும். அதைவிட மோசம், உறைநிலைக்குக் கீழ் இருக்கும் பட்டையை வண்டியிலேயே சார்ஜ் போடுவது: அது செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜ் கிளிப்பை மாட்டுங்கள். கிளிப்பின் முனைகளில் சேறும் உப்பும் ஒட்டியிருந்தால் விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. காலையில்தான் தெரியும்.

இன்னும் சில. பட்டையை வெட்டவெளியில் பத்து நிமிடம் வைத்து இடம் பிடித்த பிறகே நாயின் கழுத்தில் கட்டுங்கள். முன்னர் பயன்படுத்திய ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்திருந்தால் முதல் தடவை நேரம் எடுக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் போகட்டும். தளர்ந்தால் பட்டை சுழலும். அதிர்ச்சி முனைகள் உள்ள பட்டையை எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தால் கழுத்தில் புண் வரும். கூட்டமாக வேட்டைக்குப் போகும்போது இருவரின் பட்டைகள் ஒரே அடையாள எண்ணில் இருந்தால் ஒன்றின் செய்தியில் மற்றொன்று குறுக்கிடும். அவிழ்ப்பதற்கு முன் எண்களைச் சொல்லிக்கொள்ளுங்கள். திரையின் அம்பு தப்பாகக் காட்டினால் நாயைச் சந்தேகிக்காமல் திசைகாட்டியை மறுபடி சரிசெய்யுங்கள்.

மறைசெலவு: மாற்று ஆன்டெனா, மூன்று நான்கு ஆண்டுக்கொரு பேட்டரி, வண்டிக் கூரைக்குக் காந்த ஆன்டெனா. உலோகக் கூரைக்குள் அமர்ந்தபடி கைக்கருவியைப் பார்ப்பவருக்குக் கடைசியாகச் சொன்னது ஆடம்பரம் இல்லை. ஆல்ஃபா 200i போன்றவற்றில் உள்ள செயற்கைக்கோள் செய்திச் சந்தா குறித்து ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நீங்கள் ஆபத்தில் செய்தி அனுப்புவதற்கு. நாயின் இடம் அதன் வழியாக வருவதில்லை; அதற்கு அதே பழைய ரேடியோதான்.

## சிம் பட்டை

பின்லாந்தில் டிராக்கர், அல்ட்ராகாம் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் இந்த வகையை மூஸ் வேட்டைக்காகவே செதுக்கியிருக்கின்றன. டவர் இருக்கும்வரை தூரத்துக்கு எல்லையே இல்லை. குழுவில் பத்துப் பேரும் தத்தம் மொபைலில் ஒரே நாயைப் பார்க்கலாம். பட்டைக்குத் தொலைபேசி அழைப்பு போட்டு, நாய் குரைப்பதைக் காதால் கேட்கலாம். நிமிடத்துக்கு எத்தனை குரைப்பு என்றும் காட்டும். மூஸை நிறுத்திவிட்டதா, இன்னும் துரத்துகிறதா என்பதை அனுபவசாலி அந்தத் தாளத்திலிருந்தே சொல்லிவிடுவார். அங்கே இந்த வகை நன்றாக ஓடுவதற்குக் காரணம் நாட்டின் நெட்வொர்க். அதே பட்டையை ராக்கி மலைகளின் உட்பகுதியில் கட்டினால் விலை உயர்ந்த மணிதான், ஒலி கூட வராது.

வாங்கும் முன் உங்கள் வேட்டைக்காட்டின் ஓரத்தில் டவர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. நாய் போகும் பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையின் ஆன்டெனா சிறியது, தரையிலிருந்து அரை மீட்டரில் இருப்பது. உங்கள் கையில் மொபைலுக்கு ஒரு கோடு காட்டும் இடத்தில் பட்டைக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த நிறுவனத்தின் டவரையும் பிடிக்கும் ரோமிங் சிம் கொண்டது, ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போட்டதைவிட மேல். டவர் இல்லாத நேரத்தில் தடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிக்னல் மங்கிய இடத்தில் மோடம் முழுப் பலத்தில் கத்துவதால், பேட்டரி மிக வேகமாகத் தீர்வது பட்டை உங்களுக்கு அதிகம் தேவைப்படும் இடத்தில்தான்.

மிகப் பெரிய மறைசெலவு சந்தா இல்லை, தலைமுறை மாற்றம். 2022-க்குள் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜி சேவையை மூடின. பின்லாந்தில் 2023 முடிவையும் 2024 தொடக்கத்தையும் ஒட்டி மூடினார்கள். 3ஜியை மட்டும் நம்பிய பட்டைகள் எந்தப் பழுதும் இல்லாமல் ஒரே நாளில் குப்பையாயின. இருபது வருடப் பழைய பீப் பட்டை இன்றும் துடித்துக்கொண்டிருக்கிறது.

## ஏர்டேக் போதுமா, வளைக்குள் போனால் என்ன?

ஆப்பிளின் ஏர்டேக் என்ற 29 டாலர் வில்லை ஏன் போதாது என்ற கேள்விக்கு ஒரே வரி: அது தன் இடத்தைத் தானே அறியாது, அருகில் செல்லும் வேறொருவரின் ஐபோன் சொன்னால்தான் உண்டு. காட்டில் நடக்கும் ஐபோன் உங்களுடையது மட்டும்.

நரி வளைக்குள் இறங்கும் டெரியர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் உதவாது. மண்ணுக்கு அடியில் ஜிபிஎஸ் இல்லை. தாழ் அலைவரிசைக் காந்தப்புலத்தில் இயங்கும், சில மீட்டர் ஆழம் வரை எட்டும் தனி வகைக் கருவி அதற்கென்றே இருக்கிறது.

## யாருக்கு எது

மலையும் அடர்காடும், டவர் இல்லை, ஒன்றிரண்டு நாய்: ஜிபிஎஸ் ரேடியோ. தயங்க வேண்டாம்.

ஆறேழு ஹவுண்டுகளைக் கூட்டமாக அவிழ்ப்பவருக்கு எல்லா நாய்க்கும் ஜிபிஎஸ் கட்டக் கட்டுப்படியாகாமல் போகலாம். முன்னோடி நாய்க்கும் தனியே விலகி ஓடும் பழக்கமுள்ள நாய்க்கும் ஜிபிஎஸ் கட்டி, மற்றவற்றுக்கு பீப் போடுவது நியாயமான சிக்கனம். விலைமதிப்புள்ள நாய்க்கு இரண்டையும் சேர்த்தே கட்டுகிறார்கள்: ஜிபிஎஸ் அன்றைய வேட்டைக்கு, பீப் அதற்கடுத்த வாரத்துக்கு.

டவர் நிறைந்த சமவெளி, குழு வேட்டை, எல்லாரும் பார்க்க வேண்டும்: சிம் பட்டை. ஆனால் குழுவில் ஒருவரிடமாவது ரேடியோ வகை இருப்பது நல்லது.

புதர்வெளியில் நூறு, இருநூறு மீட்டருக்குள் வேலை செய்யும் பறவை நாய்க்குக் கழுத்து மணி பல நூற்றாண்டாகப் போதுமானதாக இருந்திருக்கிறது. மணி நின்றால் நாய் பறவையைக் கண்டுவிட்டது என்று பொருள். ஜிபிஎஸ் அங்கே வசதி, கட்டாயம் இல்லை.

எது வாங்கினாலும் தொலைபேசி எண் பொறித்த பித்தளைத் தகட்டைப் பட்டையில் ரிவெட் அடித்து வையுங்கள். தொங்கும் வில்லை புதரில் போய்விடும், தகடு போகாது.

தமிழ்நாட்டில் கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்ப்பவர்களும் இந்தப் பட்டைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே தேவை, பார்வையை விட்டு ஓடிவிட்ட நாயை மீட்பது மட்டுமே. மர்ஸ் விதி அமெரிக்காவுக்கானது. 151 மெகாஹெர்ட்ஸ் இங்கே உரிமம் இல்லாமல் பேசும் வரிசை இல்லை, ஆகவே வெளிநாட்டிலிருந்து அந்தப் பட்டையை வரவழைக்காதீர்கள். ஊர்ப்புறத்தில் டவர் இருக்கும் இடங்களுக்கு 4ஜி சிம் வகை பொருந்தும்.

## பழைய பட்டை வாங்குவதானால்

விற்பவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டியவை: முழு சார்ஜில் வாங்கி, வேகமான இடைவெளியில் வைத்து நான்கு மணி நேரம் ஓடவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், பாதிக்கு மேல் போனால் பேட்டரி விலையைக் கழியுங்கள். ஆன்டெனாவின் அடிப்பாகத்தை மெல்ல வளைத்து, உள்ளே நெறுநெறுப்பு தட்டுகிறதா பாருங்கள். வாளித் தண்ணீரில் அரைமணி மூழ்கவைத்து எடுத்து, மறுபடி இடம் பிடிக்கிறதா என்று பாருங்கள். சிம் வகையானால் எந்தத் தலைமுறை நெட்வொர்க் என்பதையும், பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவித்தாயிற்றா என்பதையும் பணம் கைமாறும் முன்பே உறுதி செய்யுங்கள். விடுவிக்காத பட்டை உங்கள் நாயின் இடத்தை அவருடைய மொபைலில்தான் காட்டும்.